கலைச்சொல் விவாதம்: குட மோட்டார் உற்பத்தியில் ‘ரன்அவுட்’டுக்குத் தமிழ்ச்சொல்

உட்லண்ட்ஸ், உற்பத்திப் பொறியாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சக்கரத்துக்குள்ளேயே அமரும் மின்மோட்டார்களை அசெம்பிளி செய்வோருக்கான தமிழ்ப் பயிற்சிக் கையேடு தயாராகி வருகிறது. சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு ஊழியர்கள்தான் இதன் முதல் வாசகர்கள். உணவு விநியோகம் செய்வோரின் மின்சைக்கிள்களில் ஓடும் 250 வாட் மோட்டாரை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கையேடு பேசுவது கார் சக்கரத்துக்கானது. தத்துவம் ஒன்றுதான், அளவும் விசையும் வேறு.

வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் குடம் என்ற பெயர் இருப்பதால் ‘குட மோட்டார்’ எளிதில் முடிவானது. மோட்டாரில் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டருக்கு நிலையி, சுற்றும் ரோட்டாருக்குச் சுழலி. இவற்றில் சிக்கல் இல்லை. ‘ரன்அவுட்’டில்தான் நிற்கிறோம். அப்படியே எழுதினால் முதல் வாசிப்பில் கிரிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது.

குட மோட்டாரில் பெரும்பாலும் சுழலி வெளியே, நிலையி உள்ளே. வெளி வளையத்தின் உட்புறத்தில் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஏறத்தாழ 380 மி.மீ. விட்டத்தில் இரண்டுக்கும் நடுவேயுள்ள காற்றிடைவெளி 1 மி.மீ.க்குப் பக்கத்தில்தான். சுழலி ஒரு சுற்று வரும்போது அந்தக் காந்தப் பரப்பு எவ்வளவு உள்ளே வெளியே போய்வருகிறது என்பதுதான் நாம் பெயர் தேடும் அளவு. பட்டறையில் ‘டயல் (பரப்பைத் தொட்டு அதன் நகர்வை முள்ளால் காட்டும் அளவுமானி) போட்டுப் பார்’ என்றால் இதைத்தான் பார்க்கிறார்கள்.

‘ஆட்டம்’ என்று போடலாமா?

துவாஸ், தர ஆய்வாளர் எழுதியது:

> ‘ஆட்டம்’ என்று போடலாமா?

வேண்டாம் அண்ணே. ‘பேரிங் ஆட்டம் கொடுக்குது’ என்றால் பேரிங்கில் தளர்வு என்று பொருள். கையால் அசைத்துப் பார்ப்பது அது. சுழற்றி அளப்பது இது. ஒரே சொல்லைப் போட்டால், டயலில் முள் நகர்ந்ததும் பேரிங்கைக் கழற்றிவிடுவார்கள்.

என் பரிந்துரை ‘கோட்டம்’. சைக்கிள் கடையில் வளைந்த ரிம்மை நிமிர்த்துவதைக் கோட்டம் எடுப்பது என்பார்கள். சக்கரம் சுற்றும்போது பிரேக் கட்டைக்கு அருகே ரிம் போய்வருவதைப் பார்த்து ஆரக்கம்பியை முறுக்குவார்கள். நாம் அளப்பதும் அதேதான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை.

ஆரத் திசையில் ஆரக்கோட்டம். முகப்பில் அச்சுத் திசையில் அளந்தால் முகக்கோட்டம்.

பூன் லே, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

வணக்கம். கோட்டம் என்றதும் இன்று பலருக்கு வள்ளுவர் கோட்டமோ, கோயிலோ, வருவாய்க் கோட்டமோதான் தோன்றும். அதனால் முதலில் தயங்கினேன். ‘சுழல்பிறழ்வு’ என்று ஒன்றை எழுதியும் பார்த்தேன். ஆனால் அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். இரைச்சலுக்கு நடுவே ‘சுழல்பிறழ்வு எவ்வளவு?’ என்று கத்திக் கேட்க முடியாது.

கோடுதல் என்றால் வளைதல், நேர் தவறுதல். ‘சொற்கோட்டம் இல்லது செப்பம்’ என்கிறது குறள் 119. அங்கே கோட்டம் வளைவு, செப்பம் நேர்மை. பட்டறைச் சொல் வேரிலேயே சரியாக இருக்கிறது. சுழலி, வளையம், டயல் ஆகியவற்றோடு சேர்ந்து வரும்போது கோயில் என்று யாரும் எண்ணப்போவதில்லை.

எனக்கு ஓர் ஐயம்: மையம் விலகியிருப்பதும் கோட்டமும் ஒன்றா? ஒன்றென்றால் ‘மையவிலகல்’ போதுமே.

ஒன்-நார்த், மோட்டார் வடிவமைப்பாளர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் கேள்விதான் இந்த விவாதத்தின் மையம். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றாக எழுதினால் உற்பத்தியில் பணம் போகும்.

மையவிலகல் என்பது இரண்டு மையங்களுக்கு இடையிலான தூரம். கோட்டம் என்பது ஒரு பரப்பைச் சுழற்றும்போது டயல் காட்டும் முழு வீச்சு. வளையம் சரியான வட்டமாக இருந்து, அதன் மையம் மட்டும் 0.05 மி.மீ. விலகியிருந்தால், டயல் 0.10 காட்டும். ஒரு பக்கம் 0.05 கூடுதல், எதிர்ப்பக்கம் 0.05 குறைவு. வரைபடத்தில் மையவிலகலுக்கு 0.05 என்று எழுதியிருக்க, ஆய்வாளர் அதைக் கோட்டமாக எண்ணினால் நல்ல சுழலிகள் கழிவுக்குப் போகும். மாற்றி எண்ணினால் மோசமானவை உள்ளே வரும்.

அடுத்து, மையவிலகலிலேயே இரண்டு வகை உண்டு. நிலையியின் மையம் பேரிங் அச்சிலிருந்து விலகியிருந்தால், இடைவெளி குறுகிய இடம் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்கும். இதை நிலைத்த மையவிலகல் எனலாம். சுழலி வளையத்தின் மையம் விலகியிருந்தால், குறுகிய இடம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். இது சுழலும் மையவிலகல். முதல் வகையில் சுழலியின் கோட்டம் சுழியமாகவே இருக்கலாம்! சுழலியில் டயல் வைத்து ‘பாஸ்’ போட்ட மோட்டார் நிலையியில் உரசும். அதைப் பிடிக்க டயலைச் சுழலும் குடத்தில் பொருத்தி, காந்த வளையத்தை ஏற்றுவதற்கு முன்பே நிலையியின் வெளிப்பரப்பைச் சுற்றி வர வேண்டும். அங்கே கிடைப்பதும் கோட்டம்தான், ஆனால் வேறு பரப்பின் கோட்டம்.

நிரந்தரக் காந்தம் என்பதால் மின்சாரம் இல்லாதபோதும் இழுவை உண்டு. இடைவெளி குறைந்த பக்கம் இழுவை கூடும். அது அந்த இடைவெளியை மேலும் குறைக்கப் பார்க்கும். பேரிங்கும் நிலையியைத் தாங்கும் சட்டமும் இதை எதிர்த்து நிற்க வேண்டும். குட மோட்டாரில் இன்னொரு சுமையும் சேர்கிறது: டயர் குழியில் விழும்போது வரும் அடியும் வளைவில் வரும் பக்கவாட்டு விசையும் காற்றிடைவெளியைக் காக்கும் அதே பேரிங் வழியாகத்தான் போகின்றன. காரின் உடலில் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் சாதாரண மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வெப்பமும் உண்டு. 190 மி.மீ. ஆரமுள்ள எஃகு நிலையி 80 பாகை சூடேறினால் ஆரம் சுமார் 0.18 மி.மீ. வளரும். வெளியே காற்றுபடும் சுழலி 30 பாகை மட்டுமே ஏறினால் அதன் வளர்ச்சி 0.07. இடைவெளியில் 0.11 போய்விடுகிறது. இது கோட்டமும் அல்ல, மையவிலகலும் அல்ல. சுற்றிலும் சமமாகக் குறைவது. கையேட்டில் ‘இடைவெளிச் சுருக்கம்’ என்று தனியாக எழுதுங்கள்.

ஆகவே என் கருத்து: கோட்டம், மையவிலகல் இரண்டும் வேண்டும். கோட்டம் என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் ‘எந்தப் பரப்பில், எந்த ஆதார அச்சைப் பொறுத்து’ என்று கட்டாயம் வர வேண்டும்.

துவாஸ், தர ஆய்வாளர் எழுதியது:

வடிவமைப்பாளர் சொன்னதோடு வட்டப்பிழையும், அதாவது வளையம் சரியான வட்டமாக இல்லாததும், சேர வேண்டும். மெல்லிய எஃகு வளையத்தை கடைசல் இயந்திரத்தில் பொருளைப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கில் இறுக்கிக் கடைந்தால், இறுக்கத்தில் வட்டமாகத்தான் இருக்கும். விட்டதும் மூன்று மேடு எழும். இரண்டு முனை மைக்ரோமீட்டரால் விட்டம் அளந்தால் எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே எண் வரும், தவறு தெரியாது. டயல் போட்டால் ஒரு சுற்றுக்கு மூன்று முறை முள் ஏறி இறங்கும். மென்மையான முழுச்சுற்றுத் தாடையோ, முகப்பில் அழுத்திப் பிடிக்கும் பிடிப்பானோதான் தீர்வு.

ஊழியர் முள்ளைப் படிக்கும் முறையையே இப்படிச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் மையவிலகல். இருமுறை என்றால் நீள்வட்டம். மும்முறை என்றால் சக் பிடிப்பைப் பார். காந்தத்துக்குக் காந்தம் குதித்தால் காந்தங்களை ஒட்டிய பசையைப் பார். மொத்த வீச்சு எதுவானாலும் பெயர் கோட்டம். அதன் காரணத்துக்குத்தான் தனிப்பெயர்.

காந்தப் பரப்பை எஃகு முனையால் தொடக் கூடாது. காந்தம் முனையை இழுத்துப் பொய் அளவு காட்டும். மாணிக்கக்கல் முனை வேண்டும், அல்லது தொடாமல் அளக்கும் லேசர்.

பசையில்தான் உற்பத்தி எண்ணிக்கை கூடக்கூடத் தொல்லை கூடுகிறது. கையால் ஒட்டும்போது ஒரு காந்தத்தின் அடியில் 0.05, பக்கத்ததில் 0.15 என்று பசை தங்கும். 0.1 மி.மீ. கண்ணாடி மணிகள் கலந்த பசை தடிப்பைச் சமப்படுத்தும். காந்தமேற்றிய துண்டுகளை ஒட்டினால் பசை இறுகுவதற்குள் பக்கத்துத் துண்டு தள்ளியோ இழுத்தோ இடம் மாற்றும். இறுகும் வரை காந்தமல்லாத பிரிப்பான்கள் வேண்டும். ஒட்டிய பிறகு காந்தமேற்றினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அத்தனை பெரிய வளையத்துக்கு மின்தேக்கிக் கூட்டமும் காந்தமேற்றும் சாதனமும் பெரும் செலவு.

ஒரு பேட்ச் காந்தம் முழுவதும் 0.04 தடிப்பாக வந்தால் கோட்டம் மாறாது, இடைவெளி மட்டும் குறையும். கோட்டத்தை மட்டும் பார்க்கிற ஆய்வு இதை விட்டுவிடும். விட்டத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

உட்லண்ட்ஸ், உற்பத்திப் பொறியாளர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒவ்வொரு பாகத்துக்கும் அனுமதிக்கும் பிழையைக் கூட்டிப் பார்க்கும் அளவுக்கூட்டலை வைத்துச் சொற்களைச் சோதித்துப் பார்த்தேன். ஓர் எடுத்துக்காட்டு, எல்லாம் ஆரத்தில்: வளையத்தின் உள்விட்டம் 0.025, காந்தத் தடிப்பு 0.05, பசை 0.04, நிலையியின் வெளிப்பரப்பு 0.03, நிலையி அமரும் இருக்கை 0.03, பேரிங்கும் குடமும் 0.03. எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் 0.205 மி.மீ. ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் சிதறினால், வர்க்கங்களின் கூட்டலுக்கு மூலம் எடுத்து, 0.086. பெருமளவு உற்பத்திக்கு இரண்டாம் எண்ணை நம்பித்தான் விலை போடுவார்கள். ஆனால் தடித்த பேட்சும் தேய்ந்த சக்கும் ஒரே வாரத்தில் வந்தால் ‘தொடர்பில்லாமல்’ என்பது பொய்யாகிவிடும். எந்தப் பிழை மையவிலகலில் சேரும், எது இடைவெளிச் சுருக்கத்தில் சேரும் என்று பிரித்து எழுதினால்தான் ஊழியருக்கு எங்கே தேடுவது என்று தெரியும். அதற்கு இந்தச் சொற்கள் போதுகின்றன.

அளக்கும் நேரமும் கணக்கில் வர வேண்டும். சுழலி ஒன்றுக்குக் கையால் 4 நிமிடம் என்றால் 1,000 சுழலிக்கு 66 மணி நேரத்துக்கு மேல். அதனால் வரிசையிலேயே லேசர் நிலையம் வரும். அதன் திரையில் வரும் சொல் குறுகியதாக இருக்க வேண்டும். ‘கோட்டம்’ நான்கே எழுத்தில் அடங்கிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் என் வாக்கை மாற்றிக்கொள்வேன்.

கையேட்டுக்கான பதிவு இதோ, திருத்தங்கள் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்:

கோட்டம்: குறித்த ஆதார அச்சைச் சுற்றி ஒரு முழுச்சுற்று வரும்போது, குறித்த பரப்பில் டயல் காட்டும் மிகுந்த, குறைந்த அளவுகளின் வேறுபாடு. வகைகள்: ஆரக்கோட்டம், முகக்கோட்டம். ஒரே வெட்டில் அளக்காமல் பரப்பின் நீளம் முழுதும் டயலை நகர்த்தி அளந்தால் முழுக்கோட்டம். வரைபடத்தில் ஒற்றை அம்பு கோட்டம், இரட்டை அம்பு முழுக்கோட்டம்.

பயன்பாடு: ‘பேரிங் அச்சைப் பொறுத்துக் காந்தப் பரப்பின் ஆரக்கோட்டம் 0.10 மி.மீ.க்கு மேல் இருந்தால் சுழலியை நிறுத்தி வை. முள் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை ஏறுகிறது என்று எண்ணி அட்டையில் எழுது.’

பூன் லே, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

பதிவு தெளிவாக இருக்கிறது. ஒரே திருத்தம்: ‘மிகுந்த, குறைந்த’ என்பதை ‘மிகக் கூடிய, மிகக் குறைந்த’ என்று மாற்றுங்கள். இலங்கை, தமிழ்நாட்டுக் குழுக்களுக்கும் அனுப்பிவையுங்கள். அங்கே வேறு சொல் வழக்கில் இருந்தால் இணைச்சொல்லாகச் சேர்த்துக்கொள்ளலாம்.