மறு: கேப்பிடல் டீப்பனிங் – 'மூலதனச் செறிவேற்றம்' எனலாமா?

> கட்டுரையில் 'மூலதன ஆழப்படுத்தல்' என்று எழுதியிருக்கிறேன். 'மூலதன மேம்பாடு' என்றும் ஓர் எண்ணம். எது பொருந்தும்?

வணக்கம் ஐயா,

இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து.

கேப்பிடல் டீப்பனிங் (capital deepening) என்ற சொல் குறிப்பது ஒரு விகிதம் உயர்வதை மட்டும்தான். உழைக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மூலதனம் துணை நிற்கிறது என்ற விகிதம் அது. இருபது பேர் வேலை செய்யும் கிடங்கில் ஆளுக்கொரு கணினி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலும் இருபது பேரைச் சேர்த்து அவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தால் மூலதனம் இரட்டிப்பாகும், விகிதம் அசையாது. பழைய இருபது பேரின் கையிலேயே பார்கோடு ஸ்கேனரும் சரக்கிருப்பு மென்பொருளும் வந்தால் விகிதம் ஏறும். பின்னதுதான் கேப்பிடல் டீப்பனிங்.

'ஆழப்படுத்தல்' என்றால் யாரோ முனைந்து செய்த செயல் போல ஆகிவிடுகிறது. 2009இல் அமெரிக்காவில் முதலீடு சுருங்கியது. ஆனாலும் இருந்த இயந்திரங்கள் அப்படியே நிற்க, ஆட்குறைப்பால் வேலை நேரம் சரிந்ததில் இந்த விகிதம் ஏறியது. அங்கே யாரும் எதையும் ஆழப்படுத்தவில்லை.

'மேம்பாடு' இன்னும் சிக்கல். பலன் கிடைத்துவிட்டது என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்று பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1987இல் எழுதினாரே, அந்தப் புதிரையே இந்தச் சொல் மூடிவிடும். அமெரிக்காவில் உழைப்பின் உற்பத்தித்திறன், அதாவது ஒரு மணி நேர உழைப்பில் விளைவது, 1973 முதல் 1995 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 சதவீதம்தான் வளர்ந்தது. அதன்பின் 2004 வரை 3 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. 1990களின் பிற்பாதியில் கூடிய வேகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்குத் தகவல் தொழில்நுட்பக் கருவிகளின் பயன்பாடும், கணினி உற்பத்தியில் கண்ட முன்னேற்றமும் காரணம் என்று பொருளியலாளர்கள் ஒலினரும் சிச்செலும் 2000இல் கணக்கிட்டார்கள். ஐரோப்பாவும் கணினி வாங்கியது. அங்கே இந்த வேகம் வரவில்லை. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது புளூம், சடூன், வான் ரீனன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு. பிரிட்டனிலேயே இயங்கினாலும், அமெரிக்கர் கையில் இருந்த நிறுவனங்கள் கணினியிலிருந்து மற்றவற்றைவிடக் கூடுதல் பலன் எடுத்தன. ஆட்களை அமர்த்துவது, உயர்த்துவது, நீக்குவது போன்ற நிர்வாக முறைகளில் இருந்த வேறுபாட்டைத்தான் அவர்கள் காரணமாகக் காட்டினார்கள்.

ஆக, கருவி சேர்வது வேறு, அதனால் விளைச்சல் பெருகுவது வேறு. நம் சொல் முதலாவதோடு நிற்க வேண்டும். இரண்டாவதில் கருவியின் கணக்குக்கு வெளியே மிஞ்சுவதற்கு 'மொத்தக் காரணி உற்பத்தித்திறன்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

'மூலதனச் செறிவு' என்பது பொருளியல் எழுத்தில் பழகிய சொல்தான். அந்தச் செறிவு கூடுவதை 'மூலதனச் செறிவேற்றம்' என்போம். விலையேற்றம் என்று சொல்லும்போது யார் ஏற்றினார் என்று கேட்க வேண்டியதில்லை, இங்கும் அப்படித்தான். செறிவூட்டல் என்று போட்டால் யுரேனியம் நினைவுக்கு வரும், தவிர்த்துவிடலாம். கிடங்கில் முதலில் பார்த்ததுபோல் ஆளும் கருவியும் ஒரே வீதத்தில் பெருகும் வகைக்கு 'மூலதன விரிவு' போதும்.

அப்புறம் ஒன்று. கட்டுரையில் மேகக் கணிமைக் கட்டணத்தையும் (இணையம் வழி வாடகைக்கு எடுக்கும் கணினி வசதிக்கான கட்டணம்) இதே தலைப்பில் சேர்த்திருக்கிறீர்கள். சொந்தமாக வாங்கிய மென்பொருள் தேசியக் கணக்கில் முதலீடு. வாடகைக்கு எடுத்த சர்வர் அன்றாடச் செலவு. அந்த மூலதனம் வாடகைக்கு விட்டவர் கணக்கில் ஏறும். அந்தப் பத்தியை மட்டும் பிரித்து எழுதிவிடுங்கள்.