பேட்வுமன் தொடரில் நாயகியையே மாற்றியது ஏன்?

கேள்வி: பேட்வுமன் என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவம் முடிந்ததும் 2020 மே மாதத்தில், பேட்வுமனான கேட் கேனாக நடித்த ரூபி ரோஸ் விலகியபோது, அந்தப் பாத்திரத்துக்கு வேறொரு நடிகையைத் தேடாமல், ரையன் வைல்டர் என்ற புதிய நாயகியை உருவாக்கி ஜாவிசியா லெஸ்லியை நடிக்க வைத்தது சரியான முடிவுதானா?

பதில் 1: சரியென்றே கருதுகிறேன். அதே பாத்திரத்தில் வேறு முகம் வந்தால் ஒவ்வொரு காட்சியிலும் ஒப்பீடு எழும். ஒரு வேனுக்குள் வாழும் ரையன், விமான விபத்தின் சிதைவுகளுக்கிடையே பேட்வுமன் உடையைக் கண்டெடுப்பதாக 2021 ஜனவரியில் கதை புதிதாகத் தொடங்கியது.

பதில் 2: நான் உடன்படவில்லை. முதல் பருவத்தின் உயிரே கேட்டுக்கும் அவளுடைய இரட்டைச் சகோதரி ஆலிஸுக்கும் இடையிலான பகைதான். அந்த வேரை வெட்டிவிட்டு, அதே இரண்டாம் பருவத்தில் முகம் மாறிய கேட்டாக வாலிஸ் டேயைக் கொண்டுவந்தார்கள். (அதை முதலிலேயே செய்திருக்கலாமே!)

கேட்டவர்: ஆலிஸ் ரையனின் தாயின் கொலைக்குக் காரணமானவள் என்பதால், பகை அறுபடவில்லை, கைமாறியது என்றே எனக்குத் தோன்றுகிறது.