விருதுக்குப் பதிவுக் கட்டணம் 7,500 ரூபாயாம், கூத்து வாத்தியார் கட்டலாமா?

பென்னாகரத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா கூத்து வாத்தியார், பென்னாகரம் பக்கம் ஒரு செட்டு (கூத்துக் குழு) வைத்து நடத்துகிறார், வயது 58. துரியோதனன் வேஷம் கட்டியவர், முழங்கால் வலி வந்ததிலிருந்து பின்பாட்டும் தாளமும்தான். ஆனாலும் பாரதக் கூத்தில் எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் அடுத்த விருத்தத்தை எடுத்துக் கொடுப்பார். பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் ராத்திரி ஆட்டம் இருக்கும், மற்ற மாதங்களில் செட்டில் பாதிப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள்.

போன வாரம் அவருடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு கடிதம் வந்தது. சென்னையில் இருக்கிற ஏதோ அறக்கட்டளை. கலைச் சேவையைப் பாராட்டி விருதுக்குத் தேர்வு செய்திருக்கிறோம், விழா பெரிய ஓட்டலில், பதிவுக் கட்டணம் 7,500 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். ஷீல்டு, சான்றிதழ், பொன்னாடை, மதியச் சாப்பாடு, சினிமா நடிகர் ஒருவரோடு போட்டோ, பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு பட்டம், எல்லாம் அதில் அடக்கம். லெட்டர்பேடில் நான்கு சிங்க முத்திரை வேறு இருக்கிறது. அந்த அறக்கட்டளையில் யாரும் பெரியப்பாவின் ஆட்டத்தை ஒரு நாளாவது பார்த்ததாகத் தெரியவில்லை. நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை.

பெரியப்பா கட்டிவிடலாம் என்கிறார். அவர் சொல்லும் காரணத்தையும் ஒதுக்க முடியவில்லை. பக்கத்துச் செட்டுக்காரர் போன வருடம் இப்படி ஒரு விருது வாங்கி நோட்டீஸில் போட்டார், இப்போது ராத்திரிக்குக் கூடுதலாகக் கேட்கிறார், கோயில்காரர்களும் கொடுக்கிறார்கள். தேதி கொடுக்க வருகிறவர்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டா வருகிறார்கள், நோட்டீஸைப் பார்த்துத்தானே வருகிறார்கள் என்கிறார். விருது என்பதே வியாபாரம்தானா, பெரிய விருதுகளும் இப்படித்தானா, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி ஷீல்டு கடை:

தம்பி, கட்ட வேண்டாம். நான் ஷீல்டு, மெமெண்டோ, ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன், இந்த மாதிரி விழாக்களுக்கு ஆர்டர் வரும், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரே மாதிரி ஷீல்டு எண்பது வேண்டும் என்று ஆர்டர் வரும், பெயர் எழுதும் தகடு காலியாக. யாருக்கு விருது என்பதே அப்போது முடிவாகியிருக்காது. விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குப் பெயர்ப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். அதில் சில பெயர்களுக்கு நேராக "பணம் வரவில்லை, அடிக்க வேண்டாம்" என்று இருக்கும், சிலதுக்கு நேராக "காலையில் சொல்கிறேன்" என்று இருக்கும். யோகா, சித்த மருத்துவம், ரியல் எஸ்டேட், பரதம், பள்ளித் தாளாளர், தவில் என்று எல்லாத் துறையும் அந்த ஒரே பட்டியலில் வரும். இவ்வளவு துறைக்கும் நடுவராக இருக்கக்கூடிய ஆள் இந்த ஊரில் இல்லை, எந்த ஊரிலும் இருக்க மாட்டார்.

கணக்கைப் பாருங்கள். ஷீல்டு, பொன்னாடை, சான்றிதழ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 700 ரூபாயைத் தாண்டாது. எண்பது பேர் 7,500 கட்டினால் 6 லட்சம். அதில் 56,000 இந்தச் சாமான்களுக்கும் சாப்பாட்டுக்கும் போகும், ஹால் வாடகை, நடிகருக்குக் கவர், ஃபிளெக்ஸ் எல்லாம் போக மீதி யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெரியப்பா அங்கே வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

அந்தச் சிங்க முத்திரையும் ஒரு தனியார் அறக்கட்டளை போடக் கூடாதது. தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. பெரிய இடத்தில் விழா நடந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கில் ஒரு தனியார் அமைப்பு சினிமாக்காரர்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, பிறகு பல்கலைக்கழகமே எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று போலீஸுக்குப் போனது. கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகத்துக்குத்தான் உரிமை.

ஊத்தங்கரை வாசகி:

பெரிய விருதுகளும் வியாபாரமா என்று கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். வியாபாரம் உண்டு, யாரும் அதை மறைப்பதும் இல்லை. ஆனால் பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசை 1969-ல் தொடங்கியது புக்கர் மெக்கானல் என்ற கம்பெனி. கயானாவில் கரும்புத் தோட்டம், சர்க்கரை ஆலை என்று சம்பாதித்தவர்கள், பிரபல எழுத்தாளர்களின் காப்புரிமைகளை வாங்கி அதிலும் லாபம் பார்த்தவர்கள். பரிசால் கம்பெனிக்குப் பெயர். 1972-ல் பரிசு வாங்கிய ஜான் பெர்ஜர், இந்தப் பணம் கரீபியத் தோட்டத் தொழிலாளர்களைச் சுரண்டிய பணம் என்று மேடையிலேயே சொல்லிவிட்டுப் பாதியை லண்டனில் இருந்த, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்துக்குக் கொடுத்தார். இன்றைக்கும் அங்கே குறும்பட்டியலுக்கு வரும் புத்தகத்தின் பதிப்பகம் விளம்பரச் செலவுக்குப் பங்கு தர வேண்டும். கவனியுங்கள், தருவது பதிப்பகம், எழுத்தாளர் இல்லை, அதுவும் நடுவர்கள் படித்துத் தேர்ந்தெடுத்த பிறகு.

நம் நாட்டு ஞானபீட இலக்கிய விருதும் டைம்ஸ் ஆஃப் இந்தியா நடத்திய சாகு ஜெயின் குடும்பம் ஏற்படுத்தியதுதான். தமிழில் அகிலனுக்கும் ஜெயகாந்தனுக்கும் கிடைத்தது. ஜேசிபி பரிசு பொக்லைன் இயந்திரம் செய்கிற கம்பெனியின் பணத்தில் 2018-ல் வந்தது, 2023-ல் நாமக்கல் மாவட்டத்துப் பெருமாள்முருகனுக்குக் கிடைத்தது, 25 லட்சம், மொழிபெயர்த்தவருக்குத் தனியாக 10 லட்சம். அடுத்த வருடமே, வீடுகளை இடிக்கிற இயந்திரத்தின் பெயரில் இலக்கியப் பரிசா என்று எழுத்தாளர்கள் பலர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்பது என் கருத்து. அதே சமயம், தமிழில் எழுதப்பட்ட ஒரு நாவல் நாடு முழுக்கக் கடைகளுக்குப் போனதில் அந்தப் பரிசுக்குப் பங்கு உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாகித்திய அகாதெமி பரிசுத் தொகை ஒரு லட்சம்தான், கூட ஒரு செப்புப் பட்டயம். ஆனால் அறிவிப்பு வந்த வாரமே பதிப்பகம் அட்டையில் விருது முத்திரை போட்டு மறுபதிப்பு அடிக்கும், கல்லூரிப் பாடத்திட்டத்துக்குப் போகும், மொழிபெயர்ப்புக்குக் கேட்பார்கள். 2021-ல் தமிழக அரசு, இந்த மாதிரி உயரிய விருது வாங்கிய எழுத்தாளர்களுக்குக் கனவு இல்லம் என்று வீடு தருவதாக அறிவித்தது. ஆக விருதுக்குப் பின்னால் வருகிற பணம்தான் பெரிது, அது எழுதியவர் பக்கமும் வருகிறது. வாசகர்களே பணம் போட்டு நடத்துகிறவையும் இருக்கின்றன. விளக்கு விருதும் விஷ்ணுபுரம் விருதும் அப்படித்தான், வாங்குகிறவரிடம் ஒரு பைசா கேட்பதில்லை.

எல்லா நுழைவுக் கட்டணமும் ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் புலிட்சர் பரிசுக்கும் கட்டணம் உண்டு. ஆனால் அது போட்டிக்கு அனுப்பும்போது கட்டுவது, பணம் கட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசு கிடைக்காது. உங்கள் பெரியப்பாவிடம் கேட்பது ஜெயித்தாயிற்று என்று சொன்ன பிறகு.

காவேரிப்பட்டணம் நாதஸ்வரம்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வாசிக்கிறவன். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் வாசித்துவிட்டுக் கீழே இறங்கினால் எங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், சாப்பாடு கடைசிப் பந்தியில்தான். கூத்துக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம், விடிய விடிய ஆடிவிட்டு அரிதாரம் கலைக்கத் தண்ணீர் தேடி அலைய வேண்டும். இப்படி முப்பது நாற்பது வருடம் போன பிறகு ஒருவர் மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறேன் என்றால் மனசு போகத்தான் செய்யும். அரசாங்கமோ ஊரோ அதை முன்பே செய்திருந்தால் இந்த அறக்கட்டளைக்காரனுக்கு இங்கே வேலையே இல்லை.

அப்புறம், விளம்பரச் செலவு என்று பார்த்தால் என்ன தப்பு? கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் செலவு செய்கிறோம், மைக் செட்டுக்குக் கொடுக்கிறோம், இதுவும் அந்த வரிசையில் ஒன்று. பக்கத்துச் செட்டுக்கு ரேட் ஏறியது உண்மைதானே. பெரியவர் ஆசைப்படுகிறார் என்றால் தடுக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி ஷீல்டு கடை:

அண்ணா, நீங்கள் சொன்ன வருத்தம் முழுக்க உண்மை, ஆனால் அந்த வருத்தத்தைத்தான் அவன் 7,500 ரூபாய்க்கு விற்கிறான். விளம்பரம் என்றால் விளம்பரமாகவே செய்யலாம். நல்ல கேமராக்காரரை வைத்துக் கர்ண மோட்சமோ பதினெட்டாம் போரோ ஒரு ராத்திரி முழுக்கப் பதிவு செய்து யூடியூபில் போட்டால் கோயில்காரர்கள் ஆட்டத்தையே பார்த்துவிட்டு வருவார்கள். போன வருடம் விருது வாங்கியவருக்கு ரேட் ஏறியது முதல் ஆள் என்பதால். இந்த வருடம் இந்தப் பக்கத்தில் பத்துச் செட்டுக்காரர்களுக்கு அதே கடிதம் போயிருக்கும், எல்லா நோட்டீஸிலும் விருது என்று வந்தால் அப்புறம் யாருக்கு ஏறும்?

அரூர் தமிழாசிரியர்:

நம் தகடூரிலேயே, அதாவது இன்றைய தருமபுரியிலேயே, இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பெருஞ்சித்திரனார் மலையெல்லாம் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்க வந்தார். அதியமான் அவரைப் பார்க்காமலேயே இதைக் கொடுத்து அனுப்புங்கள் என்று பரிசிலை மட்டும் அனுப்பிவிட்டான். புலவர் வாங்கவில்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று பாடினார், புறநானூறு 208. என் தகுதியை அறிந்து கொடுத்தால் தினை அளவு கொடுத்தாலும் இனிது என்பது அதே பாட்டில் அடுத்து வருகிறது. அங்கே கொடுத்தவன் அதியமான், கொடுத்தது உண்மையான பொருள். அதையே பார்க்காமல் கொடுத்ததால் வேண்டாம் என்றவர் அவர். இங்கே ஆட்டத்தையும் பார்க்கவில்லை, பொருளும் நம்முடையது.

சரி, பெரியப்பாவுக்கு ஆக வேண்டியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கலை மன்றம் இருக்கிறது, கலை பண்பாட்டுத் துறை வழியாக விருது கொடுக்கிறார்கள். 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66-க்கு மேல் கலை முதுமணி. பெரியப்பாவுக்கு 58 என்றால் கலை நன்மணிக்கு விண்ணப்பிக்கலாம். தொகை பெரிதில்லை, 15,000 ரூபாய், ஆனால் அது அவர் கைக்கு வருகிற பணம். கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்பாக அறிவிப்பு வரும், நாளிதழில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் சின்னதாகப் போடுவார்கள், நம் ஆட்கள் கண்ணில் படாமலே கடைசித் தேதி போய்விடும். எனக்கு இதில்தான் ஆதங்கம். தகுதியான கூத்துக்காரர்கள் எத்தனையோ பேர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள், அந்த இடத்தில்தான் லெட்டர்பேடுக்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

அந்தப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடுகிற ஆசையையும் விடச் சொல்லுங்கள். 2025-ல் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்குத் தெருக்கூத்துக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது, நம் எல்லோருக்கும் பெருமை. அந்தப் பத்ம விருதையே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டமாகப் போடக் கூடாது என்பதுதான் விதி.

பென்னாகரத்தான்:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. நாதஸ்வர அண்ணன் சொன்னதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "பணம் வரவில்லை, அடிக்க வேண்டாம்" என்ற இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். கட்ட மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். கலை நன்மணிக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்கிறார். நலவாரிய அட்டை இருக்கிறது, பிறந்த தேதிக்கு ஆதார் மட்டும்தான். பழைய நோட்டீஸ்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன.

அரூர் தமிழாசிரியர்:

அந்தப் பெட்டியில் எதையும் தூக்கிப் போடாதீர்கள், இத்தனை வருடம் ஆடினார் என்பதற்கு அதுதான் ஆதாரம். தேதி தெளிவாகத் தெரிகிற நோட்டீஸ்களாகப் பார்த்துப் பிரதி எடுங்கள், நலவாரிய அட்டை, ஆதார் நகல், ஆட்டத்தில் எடுத்த போட்டோக்கள், வேறு சான்றிதழ் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். நம் மாவட்டத்துக்குச் சேலம் மண்டலக் கலை பண்பாட்டு மையம், அடுத்த அறிவிப்பு எப்போது என்று அங்கே நேரில் கேட்டுவிடுவது நல்லது. ஏற்கனவே மாவட்ட, மாநில, தேசிய விருது வாங்கியவர்களை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பெரியப்பாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. விண்ணப்பத்தில் எழுத உதவி வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள் தம்பி, செட்டில் இருக்கிற மற்றவர்களின் வயதையும் குறித்து அனுப்புங்கள், இளைஞர்கள் இருந்தால் கலை வளர்மணிக்கும் சேர்த்தே போட்டுவிடலாம்.

காவேரிப்பட்டணம் நாதஸ்வரம்:

எங்கள் தவில்காரருக்கு 67 ஆகிறது. கலை முதுமணிக்கு இதே காகிதங்கள்தானா ஐயா?