ஹைஸ்கூல் படிக்கற புள்ளைங்களோட அமெரிக்கா வர்றீங்களா, ஸ்கூல் கவுன்சிலரை முதல் வாரமே போய்ப் பாருங்க

போன வாரம் ஒருத்தங்க பொண்ணு பத்தாவது சேரப் போறா, எந்த டியூஷன் நல்லாருக்கும்னு கேட்டிருந்தாங்க. டியூஷனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இதைப் படிங்க. நாங்க நியூஜெர்சி வந்தப்ப எங்களுக்கு இதை யாரும் சொல்லல.

இங்க ஸ்கூல் கவுன்சிலர்னா புள்ளைங்க எந்த கிளாஸ் எடுக்கறதுங்கறதுல இருந்து மனசு கஷ்டம், காலேஜ் அப்ளிகேஷன் வரைக்கும் ஸ்கூல்லயே பாத்துக்கறவங்க. நம்ம ஊர்ல கவுன்சிலர்னா வார்டு கவுன்சிலர், கவுன்சிலிங்னா ஒண்ணு இன்ஜினியரிங் சீட்டுக்குப் போறது, இல்ல மனசு சரியில்லாதவங்க போறது. அதனால "உங்க பொண்ணோட கவுன்சிலர் பேசறேன்"னு போன் வந்ததும் எனக்கு கை காலெல்லாம் நடுங்கிடுச்சு, புள்ள என்ன தப்பு பண்ணிடுச்சோன்னு. விஷயம் என்னன்னா, அவ ரெண்டு மாசமா கேன்டீன் பக்கமே போகாம லைப்ரரில உக்காந்து தனியா சாப்பிட்டிருக்கா, அதைக் கவனிச்சு அவங்களே கூப்பிட்டுப் பேசியிருக்காங்க. வீட்ல எங்ககிட்ட "எல்லாம் நல்லாருக்கும்மா"ன்னுதான் சொல்லிட்டு இருந்தா.

அன்னிக்குப் பேசும்போதுதான் இன்னொண்ணும் தெரிஞ்சுது. சென்னைல சிபிஎஸ்இ ஒன்பதாவது முடிச்ச புள்ளைய இங்க ஆல்ஜீப்ரா 1ல போட்டிருந்தாங்க. இங்க கணக்கு ஆல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, ஆல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ்னு வருஷத்துக்கு ஒண்ணா பிரிஞ்சு போகும். நம்ம ஊர்ல ஒரே புக்ல எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், அதனால மார்க்‌ஷீட்ல வெறும் "மேத்ஸ் 82"ன்னு பாத்தா அவங்களுக்கு எதுல போடறதுன்னு புரியாது. ஸ்கூலுக்குத் தெரியாததா, நாம போய் என்ன கேக்கறதுன்னு நான் சும்மா இருந்துட்டேன். கிளாஸ் மாத்தறதுக்கு ஸ்கூல் தொறந்த கொஞ்ச நாள்தான் டைம் குடுப்பாங்க, அது முடிஞ்சு போச்சு. கடைசில அடுத்த வருஷம் ஜியோமெட்ரியும் ஆல்ஜீப்ரா 2வும் சேத்து எடுக்க வழி பண்ணது அதே கவுன்சிலர்தான், ஆனா அந்த வருஷம் புள்ள பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால வரும்போதே ரெண்டு மூணு வருஷ மார்க்‌ஷீட், டிசி, தடுப்பூசி கார்டு இதோட கணக்கு, சயின்ஸ் புக்கையும் பெட்டில வைங்க, சிபிஎஸ்இயோ சமச்சீரோ எதுவா இருந்தாலும் சரி. கவுன்சிலர்கிட்ட பொருளடக்கத்தைத் தொறந்து காட்டி, எந்த கிளாஸ்ல போடலாம்னு பாக்கற பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுத விடுங்கன்னு கேளுங்க. இன்னொண்ணு, நம்ம ஊர்ல 75 மார்க்னா டிஸ்டிங்ஷன், இங்க நிறைய ஸ்கூல்ல அது சி கிரேடு. ஒன்பதாவதுல இருந்து வாங்கற கிரேடெல்லாம் காலேஜ் பாக்கற டிரான்ஸ்க்ரிப்ட்ல, அதாவது ஹைஸ்கூல் முழுசுக்குமான மார்க் பட்டியல்ல ஏறும், அதனால பழைய மார்க்கை எப்படி எழுதறாங்க, பாடம் முடிச்சாச்சுன்னு கிரெடிட் மட்டும் குடுக்கறாங்களா, ஜிபிஏல (எல்லா கிரேடோட சராசரி) சேக்கறாங்களான்னு தெளிவா கேட்டுக்கோங்க.

கவுன்சிலர் கிளாஸ் டீச்சர் மாதிரி தினமும் புள்ளையப் பாக்கறவங்க இல்ல. நிறைய ஸ்கூல்ல எந்தப் புள்ளைக்கு எந்த கவுன்சிலர்னு கடைசிப் பேரோட முதல் எழுத்தை வச்சுப் பிரிச்சுக் குடுத்திருப்பாங்க. அமெரிக்கன் ஸ்கூல் கவுன்சிலர் அசோசியேஷன் 250 புள்ளைங்களுக்கு ஒருத்தர் இருக்கணும்னு சொல்லுது, 2022-23ல நாடு முழுக்க சராசரி 385க்கு ஒருத்தர். அத்தனை பேர்ல உங்க புள்ள மூஞ்சி ஞாபகம் இருக்கணும்னா நாமதான் போய் நிக்கணும். ஏன்னா பன்னிரெண்டாவதுல காமன் ஆப்ல (நிறைய காலேஜுக்குப் பொதுவான ஆன்லைன் அப்ளிகேஷன்) காலேஜுக்கு அப்ளை பண்றப்ப டிரான்ஸ்க்ரிப்ட், ஸ்கூல் ரிப்போர்ட் அனுப்பறதும் இவங்கதான், பரிந்துரை லெட்டர் எழுதறதும் இவங்கதான். அதுக்கு முன்னாடி பெத்தவங்ககிட்ட ஒரு ஃபார்ம் குடுத்து புள்ளையப் பத்தி எழுதச் சொல்வாங்க. "நல்லா படிப்பான், பெரியவங்க பேச்சு கேப்பான்"னு எழுதிட்டா அவங்க அதுல இருந்து என்னத்தை எடுத்து எழுதுவாங்க? பாட்டியை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் டாக்டர் சொல்றதைத் தமிழ்ல எடுத்துச் சொன்னது, புது நாட்டுல பாதி வருஷத்துல வந்து சேந்தது, இதையெல்லாம் எழுதுங்க, அதுதான் லெட்டர்ல உதவும்.

கூச்சப்படாதீங்கன்னு அம்மாக்களுக்குத் தனியா சொல்றேன். இங்கிலீஷ் சரளமா வரலன்னா மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க, காசு வாங்காம ஏற்பாடு பண்ணணும்கறது ஸ்கூலோட கடமை, புள்ளையவே மொழிபெயர்க்க வைக்காதீங்க. டிஸ்லெக்சியா, ஏடிஹெச்டி, ஆஸ்துமா, சுகர் எதுவா இருந்தாலும் மறைக்காதீங்க. நம்ம ஊர்ல வெளிய சொன்னா பேரு கெட்டுடும்னு பயம் இருக்கும், இங்க இப்படிப்பட்ட புள்ளைங்களுக்கு ஸ்கூல் எழுத்துல போட்டுக் குடுக்கற உதவித் திட்டம், 504 பிளான், ஐஇபின்னு சட்டப்படி ஏற்பாடு இருக்கு, பரீட்சைல கூடுதல் நேரம் கூட கிடைக்கலாம். கேக்கறதை எழுத்துல கேளுங்க.

புள்ள கவுன்சிலர்கிட்ட சொல்றதை அவங்க பொதுவா வெளிய சொல்ல மாட்டாங்க. ஆனா தன்னையோ இன்னொருத்தரையோ காயப்படுத்திக்கற மாதிரி பேசினாலோ, வீட்ல அடி வாங்கறதா தெரிஞ்சாலோ, உரியவங்ககிட்ட அவங்க சொல்லியே ஆகணும். இதைக் கேட்டுட்டு "வீட்டு விஷயத்தை அங்க பேசாத"ன்னு புள்ள வாயை மட்டும் அடைச்சிடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். ராத்திரி நேரத்துல பயமா இருந்தா 988ங்கற மனநல நெருக்கடி உதவி நம்பருக்கு அடிக்கலாம், மெசேஜும் அனுப்பலாம்.

விசா விஷயத்துக்கு மட்டும் இவங்களை முழுசா நம்பாதீங்க, அது அவங்க வேலையும் இல்ல. காலேஜ் செலவுக்கு அரசாங்க உதவி கேக்கற ஃபாஃப்சா ஃபார்மை ஃபில் பண்ணுங்கன்னு எல்லாருக்கும் ஒரே மெயில் வரும், ஹெச்4 புள்ளைங்களுக்கு (ஹெச்1பி வேலை விசால இருக்கறவங்களோட குடும்பமா வந்தவங்க) அந்த ஃபெடரல் உதவி கிடையாது. அதை நாமளே சொல்லிட்டா வேற ஸ்காலர்ஷிப் எது இருக்குன்னு தேடிக் குடுப்பாங்க. தமிழ்ப் பள்ளில படிச்சிருந்தா அதையும் சொல்லுங்க, சில டிஸ்ட்ரிக்ட்ல வேர்ல்ட் லாங்வேஜ் கிரெடிட்டே குடுக்கறாங்க.

முதல் மெயில்ல பெருசா எதுவும் வேண்டாம். புள்ள பேரு, எந்த கிரேடு, எந்த ஊர்ல எந்த போர்டுல படிச்சா, எதுல ஆர்வம், எதுக்கு பயப்படறா, 15 நிமிஷம் நேர்ல பாக்க முடியுமா, அவ்வளவுதான். போகும்போது புள்ளையக் கூட்டிட்டுப் போய் அவளையே பேச விடுங்க. ஜனவரி, பிப்ரவரி வாக்குல அடுத்த வருஷத்துக்கு சப்ஜெக்ட் தேர்ந்தெடுக்கற ஃபார்ம் வரும், அதைப் பாக்காம கையெழுத்துப் போட்டுடாதீங்க, ஏபி (காலேஜ் லெவல் பாடம்), ஹானர்ஸ் (சாதா கிளாஸை விடக் கொஞ்சம் கஷ்டமானது) எது எடுக்கறதுன்னு அப்ப இன்னொரு தடவை போய்ப் பாருங்க.