வாரம் நான்கு மணி நேரத்தில் ஈவ் ஆன்லைன் ஆட முடியுமா?

பாம்பன்_வாடை:

ஈவ் ஆன்லைன் என்ற விண்கப்பல் இணைய விளையாட்டைப் பற்றி நம் கடற்கரைப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும், வேலை வெட்டி இல்லாதவர்களுக்கான ஆட்டம் அது என்ற பதில்தான் கிடைக்கிறது. சென்ற வாரம் கீழக்கரைக் காக்கா இங்கே எழுதியபோதும், நாள்தோறும் மூன்று மணி நேரம் ஒதுக்க இயலாதவர் அதைத் தரவிறக்கவே வேண்டாம் என்று முடித்திருந்தார். நான் அதை மறுக்கிறேன்.

நான் ராமேஸ்வரத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை சேர்வதால், செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய நாள்களில் விடியுமுன்பே நான் ஜெட்டியில் நிற்க வேண்டும். ஞாயிறு மாலை வீட்டுக்கு உரியது. எனக்கென்று மிஞ்சுவது செவ்வாய், வியாழன், வெள்ளி இரவுகளில் ஒவ்வொரு நாளும் ஒரு மணி இருபது நிமிடம், ஆக வாரத்துக்கு நான்கு மணி நேரம். இந்த நான்கு மணி நேரத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறேன்.

இந்த விளையாட்டின் அமைப்பே நேரம் குறைந்தவருக்குச் சாதகமானது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் இதை வெளியிட்டது முதல் இன்று வரை, ஒருவரின் திறன் அவர் எத்தனை எதிரிகளை வீழ்த்தினார் என்பதைப் பார்த்து வளர்வதில்லை. கடிகாரத்தைப் பார்த்து வளர்கிறது. பயில வேண்டிய திறன்களை வரிசையில் போட்டுவிட்டு நான் ஏலக் கணக்கு எழுதினாலும் சரி, தூங்கினாலும் சரி, பயிற்சி தன்பாட்டுக்கு நடக்கும். மேலும், எளிய திறன் ஒன்றை நான்காம் நிலைக்குக் கொண்டுவர 45,255 புள்ளிகள் போதும், ஐந்தாம் நிலைக்கோ 2,56,000 வேண்டும், ஆனால் ஒவ்வொரு நிலையும் கூட்டித் தரும் பலம் பெரும்பாலும் ஒரே அளவுதான் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தப் புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடச் செலவிடாமல் ஐந்தில் நான்கு பங்குப் பலன் கைக்கு வந்துவிடுகிறது. சிறு கப்பலில் ஏறும் புதியவர், பத்தாண்டு ஆடியவரை எதிர்த்து நிற்க முடிவது இதனால்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் எனக்கு வேலை குறைவு. அந்த 61 நாள்களில் நன்றாக ஆடினேன். படகுகள் மீண்டும் கடலுக்குப் போனபின் மூன்று வாரம் உள்ளே நுழையவே இல்லை. திரும்பிப் போனபோது, நான் விட்டுப்போன திறன்கள் பயிற்சி முடிந்து காத்திருந்தன.

கீழக்கரை_காக்கா:

தம்பி, உங்கள் கணக்கில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் ஆடவில்லை. பயிர் வைத்துவிட்டு வாரத்துக்கு மூன்று முறை வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறீர்கள்.

நான் ஒன்பது ஆண்டு ஆடியவன், அதில் ஆறு ஆண்டு காவலே இல்லாத நல்செக் பகுதியில் ஒரு அலையன்ஸுடன், அதாவது பல குழுக்களின் கூட்டணியுடன், இருந்தவன். இந்த விளையாட்டை உலகம் எதற்காகப் பேசுகிறது? 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தில் நடந்த போருக்காகப் பேசுகிறது. ஒரு மண்டலத்தின் உரிமைக்கான கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமல் போனதில் தொடங்கிய அந்தச் சண்டை ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்து, விளையாட்டின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்களில் 75 அழிந்தபின் ஓய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் மோதும்போது சர்வர் தாங்காது என்பதால் விளையாட்டின் காலமே மெதுவாக்கப்படும். மிக மோசமான நிலையில் அது பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். அதாவது ஆறு நிமிடத்தில் முடிய வேண்டிய சண்டைக்கு நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். உங்கள் ஒரு மணி இருபது நிமிடத்தில் அங்கே எட்டு நிமிடம்தான் கழிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எதிரியின் நிலையத்தை அடித்தவுடன் அது வீழ்ந்துவிடுவதில்லை. தாக்குதலுக்கு உள்ளானபின் அது யாரும் சேதப்படுத்த முடியாத காப்புநிலைக்குப் போய்விடும். அடுத்த சண்டை, அதன் உரிமையாளர் முன்கூட்டியே குறித்து வைத்த நேரத்தையொட்டித்தான் நடக்கும். ஆகவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது இங்கே இரண்டாவது கேள்வி. அடுத்தவர் குறித்த நேரத்தில் உங்களால் வர முடியுமா என்பதே முதல் கேள்வி.

பாம்பன்_வாடை:

காக்கா, 75 டைட்டன்கள் அழிந்த போரை அளவுகோலாக வைத்தால், அதில் இல்லாத பெரும்பாலான ஆட்டக்காரர்கள் எவருமே ஆடியவர்கள் அல்லர் என்று ஆகிவிடும். ஆழ்கடலுக்கு மூன்று நாள் போகிறவர் மட்டுமே மீனவர், பாம்பன் கரையோரத்தில் வல்லத்தில் வலை விட்டு மதியத்துக்குள் திரும்புகிறவர் மீனவர் இல்லை என்று சொல்வீர்களா?

நான் ஆடுவது காவல் குறைந்த லோசெக்கில், விளையாட்டின் பேரரசுகளுக்காக ஆட்டக்காரர்கள் மோதும் ஃபாக்ஷன் வார்ஃபேர் நடக்கும் மண்டலங்களில். அங்கே சிறு கப்பல்கள் மட்டுமே நுழைய அனுமதிக்கும் களங்கள் உண்டு. ரிஃப்டரிலோ மெர்லினிலோ உள்ளே போனால், எதிரி வந்த மூன்று நிமிடத்தில் நான் இருப்பேன் அல்லது அவர் இருப்பார். கப்பல் போனால் அன்றைய ஏலத்தில் ஒரு கூடை சூடை மீன் விலை குறைந்ததுபோல எடுத்துக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறுகிறேன். யாருடைய நேர அட்டவணையும் எனக்குத் தேவைப்படுவதில்லை.

ஏர்வாடி_மாணவன்:

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாதக் கட்டணம் 19.99 டாலர் என்பது எனக்குக் கட்டுபடியாகாது. இலவசமான ஆல்ஃபா கணக்கை வைத்துக்கொண்டு பாம்பன் அண்ணன் சொல்வதைப்போல ஆட முடியுமா என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேவிபட்டினம்_டீச்சர்:

தம்பி, ஆட முடியும். ஆனால் அண்ணன் புகழ்ந்த வசதி உங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். ஆல்ஃபா கணக்கில் பயிற்சியின் வேகம் பாதி. 50 லட்சம் புள்ளிகளோடு இயல்பான பயிற்சி நின்றுவிடும். பயிற்சி வரிசையையும் 24 மணி நேரத்துக்கு மேல் நிரப்பி வைக்க முடியாது. மூன்று வாரம் வராமல் இருந்தும் திறன்கள் முடிந்து கிடந்தன என்று அண்ணன் எழுதியது, பணம் கட்டும் ஒமேகா கணக்கின் கதை. விளையாட்டுக்குள் சம்பாதித்த காசில், சந்தாவாக மாற்றக்கூடிய பிளெக்ஸ் என்ற நாணயத்தை 500 வாங்கினாலும் 30 நாள் ஒமேகா கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதைச் சம்பாதிக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால், நேரம் குறைவானவருக்கு அது மிக மோசமான கூலி.

இனி அண்ணனின் நான்கு மணி நேரத்துக்கு வருகிறேன். அந்த எண்ணை நான் நம்பவில்லை. கச்சான் காற்றில் படகுகள் தாமதமானபோது ஜெட்டியில் உட்கார்ந்து கைப்பேசியில் கப்பல் அமைப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்ததாக அவரே சென்ற மாதம் இங்கே எழுதினார். எந்தத் துப்பாக்கி எந்தக் கப்பலுக்குப் பொருந்தும், எந்த எதிரியிடமிருந்து விலகி ஓட வேண்டும், மண்டலம் விட்டு மண்டலம் தாவும் எந்த வாயிலில் யார் காத்திருக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் படிக்காமல் மூன்று நிமிடச் சண்டையில் ஒருவர் பிழைக்க முடியாது. உள்ளே நான்கு மணி நேரம் ஆடுவதற்கு வெளியே இன்னொரு நான்கு மணி நேரம் படிக்க வேண்டியிருக்கிறது என்றால், புதியவரிடம் எட்டு மணி நேரம் என்று சொல்வதுதான் முறை.

என் சிக்கல் இவர்கள் இருவருடையதிலிருந்தும் வேறானது. எனக்கு வாரத்துக்கு ஐந்து மணி நேரம்கூடக் கிடைக்கும், ஆனால் எந்த அரை மணி நேரமும் முழுதாகக் கிடைக்காது. பையன் அழைப்பான், கதவு தட்டப்படும், விடைத்தாள் கட்டு காத்திருக்கும். அபிஸ் எனப்படும் பாதாளக் களம் 2018-இல் வந்தபோது, மூன்று அறைகள், 20 நிமிடக் கெடு என்று கேட்டதும் எனக்காகவே செய்தது என்று மகிழ்ந்தேன். அந்தக் கெடுவுக்குள் வெளியேறாவிட்டால் கப்பலோடு, ஓட்டுநர் தப்பிக்கும் உயிர்க்கலமும் அழியும், நடுவில் எழுந்து போகவே முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. இரண்டாவது அறையில் இருந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போனது. கடிகாரம் எனக்காக நிற்கவில்லை. மூன்று மாதச் சேமிப்பு அந்தக் கப்பலில் இருந்தது.

அன்றிலிருந்து சந்தையில்தான் இருக்கிறேன். விளையாட்டின் பெரிய சந்தையான ஜிட்டாவில் வாங்குவதற்கும் விற்பதற்கும் ஆணைகளைப் போட்டால் அவை 90 நாள் வரை நிற்கும். ஓர் ஆணையை இட இரண்டு நிமிடம் ஆகும், பாதியில் எழுந்து போனாலும் நட்டமில்லை. முன்பெல்லாம் பக்கத்துக் கடைக்காரர் ஒரு காசு குறைத்துப் போட்டு நம்மைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார், நாள் முழுக்கத் திரைமுன் இருப்பவரே வெல்வார். 2020-இல் அத்தகைய துண்டு விலைக் குறைப்பைத் தடுக்கும் விதியும், விலையை மாற்றுவதற்குக் கட்டணமும் வந்தபின், என்னைப் போல வாரத்துக்கு இருமுறை எட்டிப் பார்ப்பவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

கீழக்கரை_காக்கா:

டீச்சர் சொன்ன அந்த எட்டு மணி நேரக் கணக்குக்குத் தம்பி பதில் சொல்லட்டும். சந்தையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் விற்கும் கப்பலும் குண்டும் விலை போவது, எங்கோ என்னைப் போன்றவர்கள் அவற்றை உடைத்துக்கொண்டிருப்பதால்தான். போர் நின்றால் ஜிட்டா காற்று வாங்கும். ஆகவே உங்கள் இரண்டு நிமிடத்தைத் தாங்கி நிற்பது எங்கள் இரவுகள்.

தேவிபட்டினம்_டீச்சர்:

அதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் உங்கள் குண்டுகளை விற்பவர் யாரும் இல்லையென்றால் உங்கள் இரவு எப்படி நடக்கும் என்பதையும் எழுதுங்கள்.

பாம்பன்_வாடை:

டீச்சர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். ஜெட்டியில் படித்த நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. படகு வரும்வரை நான் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். ஐஸ் உடைத்து வைத்தாகிவிட்டது, கூடைகளை எண்ணியாகிவிட்டது, கடலில் ஒரு விளக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தை வேறு எதற்கும் விற்க முடியாது. உடன் நிற்பவர் அதில் அரசியல் பேசுகிறார், நான் கப்பல் அமைப்பு பார்க்கிறேன். வீட்டுக்கும் தூக்கத்துக்கும் உரிய நேரத்தில் நான் எடுப்பது நான்கு மணி நேரம்தான் என்பதை இப்போதும் சொல்வேன். காத்திருக்கும் தொழில் இல்லாத ஒருவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதை ஏர்வாடித் தம்பி குறித்துக்கொள்ளட்டும்.

காக்காவிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. விளையாட்டின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, ஃப்ளீட்டுகள் எனப்படும் கூட்டுப் படைகள் பெரும்பாலும் ஐரோப்பியர் வேலை முடித்து வீடு திரும்பியபின் கிளம்புகின்றன. அது நமக்கு எந்த நேரம் என்பதை ஏன் எழுதவில்லை?

கீழக்கரை_காக்கா:

எழுதுகிறேன். விளையாட்டில் மாலை 7 மணி என்பது, நான் துபாயில் வேலை பார்த்த காலத்தில் இரவு 11 மணி. அறையில் இருந்த மற்றவர்கள் தூங்கியபின் ஆடுவேன், இரண்டு மணிக்குப் படுப்பேன், அது நடந்தது. ஊருக்குத் திரும்பிக் கடை போட்டபின் அதே மாலை 7 மணி எனக்கு நள்ளிரவு 12.30 ஆகிவிட்டது. ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், ஆனால் காலையில் கடை திறக்க வேண்டியவனுக்கு அது பெரிய வித்தியாசம். ஓராண்டு இழுத்துப் பிடித்தேன். டிஸ்கார்டில் அழைப்பு வரும்போது கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன், வீட்டில் யாரும் விழித்துவிடக் கூடாது என்று. மாதத்துக்கு இத்தனை ஃப்ளீட்டில் வர வேண்டும் என்ற எண்ணிக்கை குறைந்தபோது, நான் சேர்ந்திருந்த குழுவான கார்ப்பரேஷனிலிருந்து மரியாதையான இரண்டு வரிச் செய்தி வந்தது. ஆறு ஆண்டுப் பழக்கத்துக்கு இரண்டு வரி. நான் அவர்கள்மேல் குறை சொல்லவில்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதனால் உங்கள் கட்சி வென்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். பாதி நேரம் கொடுத்தால் பாதி இன்பம் கிடைக்கும் என்ற விளையாட்டு இது அல்ல என்பதே என் கருத்து. இருநூறு பேர் ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டு வாயில் வாயிலாகத் தாவிப் போகும்போது வரும் அந்த நெஞ்சடிப்பு உங்கள் மூன்று நிமிடச் சண்டையில் கிடையாது. அது தெரியாமலே, கிடைத்தது போதும் என்று புதியவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஏர்வாடி_மாணவன்:

இருநூறு பேருடன் போவதற்கு முன்னால் ஒரு வாயிலைத் தாண்டக் கற்றுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. நேற்று ஆல்ஃபா கணக்கு தொடங்கினேன். காவல் மிகுந்த ஹைசெக் பாதுகாப்பானது என்று நம்பித் தானோட்டத்தில் விட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தபோது கப்பல் இல்லை.

தேவிபட்டினம்_டீச்சர்:

கான்கார்ட் காவலர்கள் கொலையாளியைத் தண்டிப்பார்கள் தம்பி, கொலையைத் தடுக்க மாட்டார்கள். தானோட்டம் கப்பலை வாயிலுக்குச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்தி ஊர்ந்து போக வைக்கும், அந்த இடைவெளியில்தான் அடிப்பார்கள். எழுந்து போக நேர்ந்தால் நிலையத்துக்குள் கட்டிவிட்டுப் போங்கள்.

கீழக்கரை_காக்கா:

பாம்பன் தம்பி, வாதத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். சனிக்கிழமை இரவு 9 மணிக்கு நானும் ஒரு ரிஃப்டரில் உங்கள் லோசெக்குக்கு வருகிறேன். ஏர்வாடிப் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டாகத் தொடாத கணக்கு, கடவுச்சொல்லைத் தேட வேண்டும்.

பாம்பன்_வாடை:

சனிக்கிழமை படகு போகும் நாள் காக்கா, ஞாயிறு விடியலில் நான் ஜெட்டியில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் சரி. 9 மணிக்கு வேண்டாம், 8.30-க்கு வைத்துக்கொள்வோம். 9.50-க்கு நான் படுத்துவிட வேண்டும்.

கீழக்கரை_காக்கா:

வெள்ளிக்கிழமை 8.30-க்கு எனக்குக் கடையில் கூட்டம். 9 மணிக்குக் கதவை இறக்கிவிட்டு வருகிறேன். மிச்சமிருக்கும் 50 நிமிடத்தில் எத்தனை ரிஃப்டர் உடைகிறது என்று பார்ப்போம்.

தேவிபட்டினம்_டீச்சர்:

ரிஃப்டர்களும் குண்டுகளும் ஜிட்டாவில் என் ஆணையில் இருக்கின்றன. மூவரும் வியாழனுக்குள் வாங்கிவிடுங்கள், வெள்ளிக்கிழமை விலையை ஏற்றப்போகிறேன்.