மறு: பேக்பிளேன் – பின்தளமா, பின்பலகையா?

வணக்கம்.

பேக்பிளேனைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசும் இந்த இழையை முதலிலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறேன். பின்தளம், பின்பலகை, முதுகுப்பலகை மூன்றையும் நானே வெவ்வேறு காலத்தில் எழுதியிருக்கிறேன். அதனால் மூன்றின் மேலும் எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பேக்பிளேன் என்பது தாய்ப்பலகைக்கு இன்னொரு பெயர்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. பல மின்னணுப் பலகைகளை வரிசையாகச் செருகும் சட்டகமான வி.எம்.இ. கூடு ஒன்றில் பலகைகளையெல்லாம் உருவி எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சுவர் முழுக்க இணைப்பிகள் நிற்கும். பலகை செருக அதிகபட்சம் 21 இடங்கள். பெரிய கூட்டில் ஒவ்வோர் இடத்திலும் மேலே ஓர் இணைப்பி, கீழே ஓர் இணைப்பி. ஒவ்வொன்றிலும் மூன்று வரிசையாக 96 முனைகள் (பின்). அவற்றைக் கோக்கும் செப்புத் தடங்கள். அவ்வளவுதான் பேக்பிளேன், செயலி (பிராசசர்) கிடையாது. 1981இல் மோட்டோரோலா, மோஸ்டெக், சிக்னெடிக்ஸ் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு வி.எம்.இ., 1987இல் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1014 என்ற தரமானது. மூளையெல்லாம் அதில் செருகும் ஒற்றைப்பலகைக் கணினிகளில் இருக்கிறது.

(ஒற்றைப்பலகையா, தனிப்பலகையா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஆனாலும் ஏழெட்டுப் பேரோடு தோளுரசி நிற்கும் பலகையைத் ‘தனி’ என்பானேன்?)

> பேக்பிளேன் பிணையம் (நெட்வொர்க்) என்றால் பின்பக்கம் மாட்டும் ஈதர்நெட் கம்பிதானே?

கம்பியே இல்லை என்பதுதான் இதில் அழகு. வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம் ஓடும் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையின் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பாட்டை (பஸ், பலகைகளுக்குப் பொதுவான தடங்கள்) வழியாக மற்ற பலகைகளும் பார்க்க முடியும். அனுப்புகிற பலகை தரவுப் பொட்டலத்தை அங்கே வைத்துவிட்டு, பெறுகிற பலகையைத் தட்டி எழுப்பும். ஊர்ப் பொதுத் திண்ணையில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பது மாதிரி. செயலி எண் 0 கொண்ட பலகைதான் முதன்மை. அது திண்ணையைத் தயார்செய்து, நொடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மற்ற பலகைகள் அந்தத் துடிப்பை நாடி பார்ப்பதுபோலப் பார்க்கும். எண் நகர்ந்தால்தான் பேச்சைத் தொடங்கும். வழக்கமாக முதன்மைப் பலகைக்கு மட்டும் வெளியே ஈதர்நெட் இருக்கும். மற்றவை அதையே வாசலாக வைத்து வெளியே போகும்.

ஆகவே முதன்மைப் பலகைக்கு இரண்டு ஐ.பி. முகவரிகள். தொடக்க அமைவில் ‘ஐநெட் ஆன் ஈதர்நெட்’ என்று ஒரு வரி கேட்கும். அதற்குக் கீழே ‘ஐநெட் ஆன் பேக்பிளேன்’. நான் சறுக்கியது இந்த இரண்டாவது வரியில்தான்.

பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்க் கையேடு எழுதினேன். அதில் இந்த வரிக்குப் ‘பின்தள முகவரி’ என்று போட்டேன். ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, எங்கள் தரவுத்தள வழங்கியின் (சர்வர்) முகவரியை அங்கே தட்டிவிட்டான். அவன் மேல் தவறே இல்லை. வலை நிரல் எழுதிப் பழகிய பிள்ளைக்குப் பின்தளம் (பேக்எண்ட்) என்றால் வழங்கிப் பக்கம்தான். அப்புறம் என்ன, அந்த முகவரி தானேதான் என்று பலகை நம்பிவிட்டது. வழங்கிக்குப் போகவேண்டிய அளவீடுகளைத் தனக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பிங் கொடுத்தால் உடனே பதில், அதுவும் சந்தேகப்படும்படியான வேகத்தில்! முற்பகல் முழுக்கக் கம்பிகளை மாற்றிப் பார்த்து ஓய்ந்த பிறகுதான் அமைவை வரிவரியாகப் படித்தோம். பின்தளத்தை அன்றே கைவிட்டேன்.

அடுத்துப் பின்பலகை என்று மாற்றினேன். இலக்கணத்தில் குறையில்லை. பின்வாசல், பின்கட்டு, பின்பலகை. ஆனால் 96 பின் உள்ள இணைப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ‘பின் வளைஞ்சிருக்கு சார், அந்தப் பின்பலகைதானே?’ என்று ஒருவர் கேட்டார். எந்தப் பின் என்று எனக்கே புரியவில்லை.

முதுகுப்பலகை காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய பிணையங்களுக்கு முதுகெலும்புப் பிணையம் என்ற சொல் முன்பே புழங்குகிறது. ஒரே பக்கத்தில் முதுகெலும்புப் பிணையமும் முதுகுப்பலகைப் பிணையமும் வந்தால், நள்ளிரவில் அதைப் படிக்கும் நிர்வாகியை நினைத்துப் பாருங்கள்.

> செருகுபலகை என்று வைக்கலாமே?

வினைத்தொகை நம்மைக் கவிழ்க்கும் இடம் இது, ஐயா. செருகுகிற பலகையா, செருகப்படும் பலகையா, செருகுவதற்கு இடம் தரும் பலகையா? மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது. ஏந்துபலகையில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் கம்ப்யூட் மாட்யூல் போன்ற சிறு பலகைகளைத் தாங்கும் கேரியர் போர்டுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது, அதற்கே விட்டுவிடலாம்.

என் பரிந்துரை கூட்டுப்பலகை.

பலகைகள் நிற்கும் சட்டகத்தைக் கூடு என்கிறோம். கூடு + பலகை, வீட்டு வாசல்போலக் கூட்டுப்பலகை ஆகும்; கூட்டின் பலகை. கூட்டு + பலகை என்று பிரித்தால், பலவற்றைக் கூட்டிவைக்கும் பலகை. எப்படிப் பிரித்தாலும் பொருள் கெடவில்லை. அமைவு வரி ‘கூட்டுப்பலகை முகவரி’ ஆகிவிடும். பிணையம் கூட்டுப்பலகைப் பிணையம். யாழ்ப்பாண நண்பர் தம் வழக்கப்படி வலையமைப்பு என்று எழுதினாலும் முன்பாதி மாறாது. பூசணிக்காய்க் கூட்டு நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வீர்கள். எனக்கும் வந்தது. அந்தக் கூட்டுக்கு ஐ.பி. முகவரி கேட்க மாட்டார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இரண்டு முனைகளை இணைக்கும் சிறு துண்டான ஜம்பருக்குத் ‘தாவி’ என்று போட்ட தோழருக்கு: பழைய வி.எம்.இ. கூட்டுப்பலகையில் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தால் அங்கே ஐந்து ஜம்பர் போடவேண்டும். பாட்டையைப் பிடிக்கும் அனுமதி நான்கு வழியாகவும், குறுக்கீட்டுக்கான (இன்டரப்ட்) ஒப்புதல் ஒரு வழியாகவும், பந்தியில் வாளி கைமாறுவதுபோல இடம் இடமாக நகர்கிறது. ஜம்பர் இல்லாவிட்டால் காலி இடத்துக்கு அப்பால் உள்ளவர்களுக்கு வாளி வந்து சேராது. அதில் எதுவும் தாவவில்லை, கடக்கிறது. அதனால் தாவி வேண்டாம். கடையில் ஜம்பர் என்று கேட்டால் ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அது ஜம்பராகவே இருக்கட்டும்.