புதுப்பிப்பு: ஜாயிண்ட் ராடு ரீகால், ஒருவழியா மாத்தியாச்சு

போன மாசம் எழுதியிருந்தேன்ல, நம்ம காலேஜ் பஸ்ல 40 தாண்டுனா சீட்டுக்கு அடியில கடகடன்னு அதிருது, ஜாயிண்ட் ராடுல (இன்ஜின் சுத்துறத பின்சக்கரத்துக்குக் கொண்டு போற ராடு) குறை இருக்கு, மாத்தித் தர்றோம்னு கம்பெனியில இருந்து ரீகால் லெட்டர் வந்தும் சர்வீஸ்ல உங்க சேஸ் நம்பர் லிஸ்ட்ல இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு.

சர்வீஸ்காரங்க சேஸ் நம்பர்ல இருந்த 8-ஐ 3-ன்னு அடிச்சிருக்காங்க. சேஸ்ல பொறிச்சிருக்குற நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சில் தேச்சு எடுத்துட்டுப் போய் காட்டுனப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க.

கழட்டும்போது பக்கத்துலயே நின்னேன். ராடு முனையில இருக்குற கூட்டல் குறி மாதிரியான கிராஸ் ஜாயிண்ட்டோட கப்பைத் தட்டுனதும் உள்ள இருந்த ஊசி ரோலர் எல்லாம் பாதி பொடிஞ்சு, கிரீஸ் காஞ்சு செங்கல் தூள் மாதிரி கொட்டுச்சு. எனக்கு வயித்தக் கலக்கிருச்சுங்க. இதோடதான் தினம் 50 புள்ளைங்கள ஏத்திக்கிட்டு தொப்பூர் கணவாய் இறங்குனோம், அங்க ராடு கழண்டா இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது, எந்த கியர் போட்டாலும் வண்டி பிடிக்காது, மொத்த பாரமும் பிரேக் மேலதான், சுத்துற ராடு பிரேக்குக்குக் காத்து போற ஏர் பைப்பை அடிச்சா அந்த பிரேக்கும் போச்சு.

காசு எதுவும் வாங்கல, வாங்கவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல ரீகாலுக்குன்னே 110ஏ பிரிவு வந்திருக்கு.

கிருஷ்ணகிரி, பாலக்கோடு பக்கம் இதே லெட்டர் வந்தவங்க தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க. சக்கரத்துக்கு கட்டை போட்டுட்டு, இன்ஜின் ஆஃப் பண்ணி, ராடைக் கையால ஆட்டிப் பாருங்க, லூசா ஆடுச்சுன்னா அன்னிக்கு ட்ரிப் வேண்டாம்.